பின்னிருக்கைக்கு எண் ஐந்து

அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, தையற்காரர் வஸ்ஃபியின் வலது முன்கையில் இருந்த எலும்பு முறிவு அவருடைய வலது காலுக்கு இறங்கியது. அது இறங்கியபோது அவர் மீத் ரய்ஹான் பொது மருத்துவமனையின் மூன்றாம் வார்டில், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்றுகொண்டிருந்தார். சரியாக அதே நேரத்தில், தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்த குறியீட்டு அறையில், அவருடைய கோப்பின்மேல் அரசாங்கத்தின் கழுகு முத்திரை விழுந்தது. மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த அறையில் இரண்டு குறியீடுகள் எழுதுவார்கள். எது உடைந்தது என்பதற்கு ஒன்று, எப்படி உடைந்தது என்பதற்கு ஒன்று. முன்கை முறிந்தால் எஸ் ஐம்பத்திரண்டு. முழங்காலுக்குக் கீழே முறிந்தால் எஸ் எண்பத்திரண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரும், தப்பே செய்யாதவர் என்று பெயர் வாங்கியவருமான ஃபிக்ரியா அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். ஐந்து போட வேண்டிய இடத்தில் எட்டு போட்டார். மருத்துவமனை இயக்குநர் டாக்டர் பஹ்கத் தம் வழக்கப்படி எதையும் பார்க்காமல் முத்திரை குத்தினார். எலும்பு கீழ்ப்படிந்தது.

வஸ்ஃபி எழுந்து நிற்கப் போய்க் கீழே விழுந்தார். வார்டு டாக்டர் வந்து பார்த்தார். எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதல் நாள் கை இருந்த படத்தில் இன்று கால் இருந்தது.

"டாக்டர், நேத்து வரைக்கும் கைதான் ஒடஞ்சிருந்துச்சு," என்றார் வஸ்ஃபி.

"பேப்பர்ல கால்னுதான் இருக்கு."

"கையில நீங்கதானே மாவுக்கட்டு போட்டீங்க?"

"அதான் நானும் கேக்கறேன். கால ஒடச்சிக்கிட்டு வந்துட்டு, கையில கட்டுப் போட்டுக்கிட்டு என்னய்யா பண்றீங்க? அரசாங்க மாவு சும்மா வருதா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஊரில் அது அன்றைக்கே வெட்டி, வேகவைத்து, பரிமாறப்பட்டுவிட்டது. வஸ்ஃபிக்கு இதில் மனக்குறை ஒன்றும் இல்லை. தையற்காரனுக்குக் கை முக்கியம். காலை நீட்டிக்கொண்டு பொத்தான் தைக்கலாம். வீட்டுக்குப் போன மறுநாளே ஃபிக்ரியாவுக்கு ஒரு தட்டு பஸ்பூஸா, பாகில் ஊறிய ரவை இனிப்பு, கொடுத்தனுப்பினார். ஃபிக்ரியா அதை வாங்கி வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தின்றார். பின்னாளில் அவர் வருத்தப்பட்டவற்றில் அந்த பஸ்பூஸாவும் ஒன்று.

அதற்குப் பிறகு ஊரில் நடந்தவற்றை எல்லாம் எழுதினால் தாள் போதாது. காய்கறி வியாபாரி அத்திய்யா கால்வாய்க் கரையில் எருமை மேல் மோதியவர். விலங்கில் மோதினால் வி இருபது. அவருக்கு வி இருபத்தைந்து என்று விழுந்துவிட்டது, அது ரயிலில் மோதியவருக்கான எண். மீத் ரய்ஹானில் தண்டவாளத்தைப் பிடுங்கி முப்பது வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த வாரத்திலிருந்து அத்திய்யாவின் உடம்பில் நிலக்கரி வாசம் அடித்தது. அந்த ரயிலில் வந்ததாகச் சொல்லி முன்பின் தெரியாத இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் நின்று, அவரால் தங்களுக்குப் பதினொரு நிமிடம் தாமதமாகிவிட்டது என்று சண்டை போட்டார்கள். எருமைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கழுதை வண்டியில் மோதிய ஒருவருக்குப் பேருந்தின் எண் போடப்பட்டதால், விபத்தைப் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் நாற்பது பேராகப் பெருகினார்கள்; நாற்பது பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் இயக்குநர் பஹ்கத்தின் காதுக்குப் போனது. அவர் இதை ஒரு குறையாகப் பார்க்கவில்லை. உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் குறியீடு நோயாளியைத் துரத்திக்கொண்டுதான் ஓடும். தம்முடைய மருத்துவமனையில்தான் நோயாளி குறியீட்டின் பின்னால் நடந்து வருகிறான் என்பதை அவர் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டார். கெய்ரோவிலிருந்து தரக் குழு வந்தது. இருநூறு கோப்புகளை எடுத்தார்கள், இருநூறு பேரையும் நேரில் வரவழைத்துத் தட்டிப் பார்த்தார்கள். கோப்பில் தோள்பட்டை என்றால் தோள்பட்டையில்தான் வலித்தது. இப்படி ஒரு துல்லியத்தைத் தங்கள் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் எழுதி, கீழே ஒரேயொரு குறையைக் குறித்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் விபத்துக் குறியீட்டின் கடைசி எண், அடிபட்டவர் வண்டியில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லும். ஓட்டியவருக்கு நான்கு, பின்னால் உட்கார்ந்தவருக்கு ஐந்து, தெரியாவிட்டால் ஒன்பது. மீத் ரய்ஹானில் நூற்றுக்கு முப்பத்தொன்று ஒன்பதாக இருந்தது. அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் தங்கச் சட்டம் போட்ட சான்றிதழ் தருவார்கள்.

டாக்டர் பஹ்கத் அந்தச் சான்றிதழை மாட்டுவதற்கு ஆணியை முன்கூட்டியே அடித்துவிட்டார். பிறகு குறியீட்டு அறைக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

"ஃபிக்ரியா மேடம், ஒன்பதுங்கறது ஒரு எண்ணா? 'எனக்குத் தெரியாது'ன்னு அரசாங்கம் சொல்லலாமா?"

"தெரியலைன்னா தெரியலைன்னுதானே பாஷா எழுதணும்," என்றார் ஃபிக்ரியா. மேலதிகாரியை அங்கே எல்லோரும் மரியாதைக்குப் பாஷா என்றுதான் அழைப்பார்கள்.

"தெரிஞ்சுக்கணும். ஞாயித்துக்கிழமை மறுபடி வராங்க. அன்னிக்கு என் கண்ணுல ஒரு ஒன்பதும் படக்கூடாது."

அன்று வியாழக்கிழமை. ஒன்பது எழுதிய கோப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வெள்ளியும் சனியும் விடுமுறை. குறியீட்டு அறையிலிருந்து எலும்பு முறிவு வார்டுக்கு நாற்பது அடி தூரம். கோப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் படுத்திருந்தார்கள், வாயில் தேநீர்க் கோப்பையோடு, பேச ஆள் கிடைக்காதா என்று. போய், "முன்னாடி இருந்தியா, பின்னாடி இருந்தியா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஃபிக்ரியா போகவில்லை. மோட்டார் சைக்கிளில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டியவர்களே என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த வகுப்பை நடத்தியவர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. இங்கே மூன்று பேருக்குக் குறைந்து எந்த வண்டியும் கிளம்பாது. அது ஃபிக்ரியாவுக்கு நன்றாகத் தெரியும். எலும்பு இடம் மாறுவதும் தெரியும். எலும்பு மாறுமே ஒழிய, ஆள் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதா மாறப் போகிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு ஒன்பதுகளையும் அடித்துவிட்டு நான்கு நான்காக எழுதினார். மதியம் ஒன்றரைக்கு முத்திரை குத்தி முடிந்தது. டாக்டர் பஹ்கத்தின் மணிக்கட்டு வீங்கியிருந்தது, அதைப் பிறகு அலுவலகக் காயம் என்று பதிந்துகொண்டார்.

ஒன்றரைக்குப் பிறகு ஊர் சிரிக்கும்படி ஆனது. வாழ்நாளில் வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டறியாத ஹஜ்ஜா தவ்ஹீதா, எழுபத்தொரு வயது, வார்டை விட்டு வெளியே வந்ததும் வாசலில் நின்ற மருமகனின் வண்டியை வாங்கி உதைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மருமகன் பின்னால் உட்கார்ந்து இரண்டு தெருவரைக்கும் குர்ஆன் வசனம் ஓதிக்கொண்டே போனான். ஒரே வண்டியில் வந்து விழுந்த மூன்று பேருக்கும் நான்கு விழுந்திருந்தது. மூவர் உள்ளங்கையிலும் கைப்பிடி அழுத்திய கொப்புளம். "நாந்தான்டா ஓட்டினேன்", "நீ ஓட்டினா நான் என்னத்தப் புடிச்சிருந்தேன்" என்று அவர்கள் காப்பிக் கடையில் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். சிரிப்புக்கு நடுவே ஒரு கட்டிலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது பதினேழாம் கட்டில். அதில் ஈத் படுத்திருந்தான்.

ஈத்துக்குப் பத்தொன்பது வயது. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவன் அண்ணன் ஷிஹாத்தாவுக்கு எரிவாயு உருளைகளை வண்டியில் கட்டி வீடு வீடாகப் போடுகிற வேலை. அடுத்த மாதம் கல்யாணம். திங்கட்கிழமை மாலை அண்ணனும் தம்பியும் சந்தைக்குப் போய், புது வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அண்ணன் ஓட்டினான். தம்பி பின்னால் உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய மூன்று இறக்கைகளை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் அண்ணனின் இடுப்பைப் பிடித்திருந்தான். கால்வாய்ச் சாலையில் ஒரு சரக்கு வண்டி விளக்குப் போடாமல் திரும்பியது. ஷிஹாத்தா அங்கேயே இறந்துபோனான். ஈத்துக்கு இரண்டு விலா எலும்பும் காறை எலும்பும் போயின. மூன்று நாளாக அவன் வார்டில் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: "அண்ணன் ஓட்டினான், நான் பின்னாடி இருந்தேன்." பக்கத்துக் கட்டில்காரர், ஒரு பேருந்து நடத்துநர், அதைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டுவார். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ஈத் பேச்சை நடுவில் நிறுத்தினான். அவன் உள்ளங்கைகள் சிவந்து கொப்பளித்தன. முன்கையில் வெயில் பட்ட கறுப்பு ஏறியது. பல்லிடுக்கிலிருந்து ஒரு சின்னக் கொசுவைத் துப்பினான். வலது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டது. பிறகு நடத்துநரைத் திரும்பிப் பார்த்து, நேரம் கேட்பவனைப் போலக் கேட்டான்: "மாமா, நான் ஏன் பிரேக்க லேட்டாப் புடிச்சேன்?"

நடத்துநருக்கு அவன் முந்தி என்ன சொன்னான் என்பது நினைவில் இல்லை. யாருக்குமே இல்லை. அவர்களுடைய அம்மா, ஊர் வழக்கப்படி மூத்த மகனின் பெயரால் உம் ஷிஹாத்தா, அதாவது ஷிஹாத்தாவின் அம்மா, என்றே அழைக்கப்பட்டவர், திங்கட்கிழமை பால்கனியில் நின்று மூத்தவன் முன்னால் ஏறியதைப் பார்த்தவர்தான். வியாழக்கிழமை மதியத்திலிருந்து அவர் பார்த்தது வேறாக இருந்தது: சின்னவன் முன்னால், பெரியவன் பின்னால். அவன் வீட்டுக்கு வந்த நாளில் அவனுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார், சாப்பாடு வைத்தார், மருந்தைப் பிரித்து வைத்தார். பேசவில்லை. சில மாதம் கழித்து நீதிமன்றம் கோப்பைப் பார்த்தது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கு ஒரு வருடச் சிறை கொடுத்து, வயதைக் கருதி நிறுத்திவைத்தது. அம்மா கொடுத்த தண்டனையை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைக்குப் பத்து நாள் கழித்து உம் ஷிஹாத்தா இறப்புச் சீட்டின் நகலுக்காகக் குறியீட்டு அறையின் ஜன்னலுக்கு வந்தார். ஃபிக்ரியா கோப்பை எடுத்துக்கொண்டே, வாய்க்கு வந்த ஆறுதலைச் சொன்னார்.

"அல்லாஹ் மிச்சமிருக்கிற பிள்ளைக்கு ஆயுசைக் குடுக்கட்டும், உம் ஷிஹாத்தா."

"குடுக்கட்டும். சின்னவன் ஓட்டித்தான் பெரியவன் போனான். ரெண்டு பேருக்கும் நான்தான் அம்மா. நான் யாரைப் பாத்து அழட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் போன பிறகு ஃபிக்ரியா ஈத்தின் கோப்பை எடுத்துப் புரட்டினார். ஆம்புலன்ஸ்காரர் எழுதிய துண்டுச் சீட்டு உள்ளே இருந்தது. முன்பக்கத்தில் "இருக்கை" என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலியைப் பார்த்துத்தான் முதலில் ஒன்பது போட்டிருந்தார். சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இளையவன் பின்னால் இருந்தவன். கையில் விசிறி இறக்கை. இறந்தவன் ஓட்டியவன்.' அந்தச் சீட்டில் முத்திரை விழவில்லை. ஆகவே அது மாறவில்லை. மீத் ரய்ஹானில் உண்மையைப் பார்த்த ஒரே சாட்சியாக அந்தப் பென்சில் எழுத்தும், அதைப் படித்ததனால் ஃபிக்ரியாவும் மிஞ்சினார்கள். ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் அன்று மணி பார்த்துச் சோதித்தார். இரண்டு வினாடி கூட ஆகவில்லை.

இயக்குநர் அறையில் சான்றிதழ் மாட்டியாகிவிட்டது. அதன் தங்கச் சட்டத்தில் வெளிச்சம் பட்டு, எதிரே நிற்பவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது.

"பாஷா, ஒரு கோப்பைத் திறக்கணும். நாலை எடுத்துட்டு அஞ்சு போடணும். ஒன்பது இல்ல, அஞ்சுதான்; நம்ம சதவீதம் கெடாது."

"எதுக்கு நாலு போட்டீங்க?"

"நீங்கதானே ஒன்பது வேணாம்னு..."

"ஒன்பது வேணாம்னு சொன்னேன். நாலு போடுங்கன்னு சொன்னேனா? யோசிச்சுப் பாருங்க மேடம். நூத்துக்கு நூறு வாங்கின ஆஸ்பத்திரி. அதுல ஒரு தப்பு இருக்குன்னு நாமளே சொன்னா, மிச்சம் தொண்ணூத்தொன்பதையும் சந்தேகப்படுவானா இல்லையா?"

"அந்தப் பையன் ஓட்டவே இல்ல பாஷா."

"கூப்பிட்டுக் கேளுங்க. என்ன சொல்றான்?"

முத்திரை விழுந்த கோப்பைத் திறக்க மூவர் குழு கூட வேண்டும் என்பது விதி. குழுவில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார், இன்னொருவர் அஸ்வானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், மூன்றாமவர் டாக்டர் பஹ்கத். ஃபிக்ரியா மனு எழுதினார். முதல் மனு காணாமல் போனது. இரண்டாவது, முதல் மனுவின் எண்ணைக் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவதை எழுதியபோது ஓய்வுபெற்றவர் இறந்துபோய், அவருக்குப் பதில் ஆள் போடுவதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இப்படி ஆறு வருடம் போயிற்று. அந்த ஆறு வருடத்தில் ஃபிக்ரியா எழுதிய ஒவ்வொரு விபத்துக் கோப்புக்கும் நாற்பது அடி நடந்து வார்டுக்குப் போனார். வலியில் முனகுகிறவனிடமும் குனிந்து, "முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். வேலை தேங்கியது. பதவி உயர்வு அவரைத் தாண்டி, கேள்வி கேட்காமல் எழுதுகிற ஒரு பெண்ணுக்குப் போனது. வார்டுப் பையன்கள் அவருக்கு 'முன்னாடியா பின்னாடியா மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டிருந்தால் இந்தப் பெயருக்கு வேலை இருந்திருக்காது என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஏழாம் வருடம் டாக்டர் பஹ்கத் ஓய்வுபெறும் வாரத்தில், அவர் மேசையில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கையெழுத்திட்டுத் தள்ளினார். தேநீர்ச் செலவுப் பட்டியலுக்கும் வாழ்த்து மடல் ஒன்றுக்கும் நடுவில் ஃபிக்ரியாவின் மனு இருந்தது. ஆறு வருடமாகத் தட்டிக் கழித்ததைப் படிக்காமல் அனுமதித்துவிட்டார்; குழுவில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே என்பதால் அந்தக் கையெழுத்தே குழுவின் முடிவாயிற்று. இனி ஒன்றே பாக்கி. படிவத்தின் அடியில், சம்பந்தப்பட்ட நோயாளி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிக்ரியா படிவத்தையும் அந்தப் பென்சில் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, ஈத்தைத் தேடிப் போனார்.

ஈத்துக்கு இப்போது இருபத்தைந்து வயது. அண்ணனின் வண்டியைப் பழுதுபார்த்து, அண்ணனின் வேலையையே செய்துகொண்டிருந்தான். ஓட்டத் தெரியாதவனாக இருந்தவன் இப்போது ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவன். அது அவனுக்கு நாலாம் எண் கொடுத்த வரம். எரிவாயுக் கிடங்கின் எதிரே இருந்த தேநீர்க் கடையில், வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். ஃபிக்ரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பதை, சான்றிதழை, வியாழக்கிழமையை, போகாத நாற்பது அடியை. சீட்டைத் திருப்பிக் காட்டினார். பென்சில் எழுத்தை ஈத் விரலால் தொட்டான், அழிந்துவிடாதபடி மெல்ல.

"உக்காருங்க மேடம். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அது போகலை. ஒரு ஓரமாக் கெடக்கு. அண்ணன் முதுகு, அவன் சட்டை வேர்வை, கக்கத்துல அந்த எழவெடுத்த எறக்கை. தூங்கப் போற நேரம் வரும். காலையில பாத்தா இன்னொண்ணுதான் இருக்கும்."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. நாளைக்கே அஞ்சு எழுதிடறேன். இதெல்லாம் சரியாயிடும். கேஸ்ல உம்பேரு போயிடும். உங்கம்மா உங்கிட்டப் பேசுவாங்க."

கடைக்காரர் இரண்டு கோப்பை தேநீரைக் கொண்டுவந்து ஃபிக்ரியா முன் ஒன்றும் ஈத் முன் ஒன்றும் வைத்தார். சற்று யோசித்துவிட்டு, உள்ளே போய் மூன்றாவது கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து, ஈத்துக்குப் பக்கத்தில், ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே வைத்தார்.

"அம்மா பேசுவாங்க," என்றான் ஈத். "எனக்கு ஆசையில்லாம இல்ல மேடம். ஆறு வருஷமா அந்த வீட்டுல கடிகாரச் சத்தம்தான். ஆனா நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க வெச்சிருக்கிற அந்தப் பேப்பர்ல நான் அவனப் புடிச்சிருந்தேன். இடிச்சப்ப விட்டுட்டேன். நான்தானே விட்டேன்? அதுல அவன் தனியாப் போயிட்டான்."

"இடிச்சா யாருதான் புடிச்சிக்கிட்டே இருக்க முடியும்?"

"இவன் இருக்கானே," என்று ஆளில்லாத நாற்காலியைக் காட்டினான் ஈத். "நீங்க எழுதினதுல அவன்தான் பின்னாடி. அவன் கை என் இடுப்புல இருக்கு. இடிச்சப்ப விடலை, இன்னும் விடலை. வண்டியில ஏறினா வந்து உக்காந்துக்கறான். மேட்டுல ஏறும்போது முன்னாடி சாஞ்சிக்கறான், பாரம் நல்லாத் தெரியுது. நீங்க அஞ்சு போட்டா அம்மா என்கூடப் பேசுவாங்க. இவன்கூட யாரு பேசுவா?"

ஃபிக்ரியா படிவத்தின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். ஆறு வருடமாக அவர் தூக்கிக்கொண்டு திரிந்தது இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

"அப்ப நீ கொன்னவனாவே இருந்துடுவியா?"

"தெனம் அந்தப் பிரேக்கப் புடிக்கறேன் மேடம். தெனம் லேட்டாத்தான் புடிக்கறேன். அது இருந்துட்டுப் போவட்டும்."

"நான் என்னப்பா பண்றது?"

"டீ ஆறுது. குடிங்க."

மன்னிப்புக் கேட்கப் போனவருக்குத் தேநீர் கிடைத்தது. சர்க்கரை அதிகமாக இருந்தது. ஃபிக்ரியா அதைக் கடைசிவரை குடித்துவிட்டு, கையெழுத்தில்லாத படிவத்தோடு திரும்பினார். கால அவகாசம் முடிந்ததும் மருத்துவமனை அதைத் 'தவறு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று முடித்துக் கோப்பில் சேர்த்தது. புதிய இயக்குநர் அதையும் சாதனைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டார். சரியாக்க முடிந்த ஒரு தப்பு சரியாகாமல் நிற்பதற்குத் தாம்தான் அனுமதி வாங்கிக் கொடுத்தோம் என்கிற எண்ணம் ஃபிக்ரியாவை விட்டுப் போகவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்க நேர்ந்தால் அவர் நாற்பது அடியையும் எண்ணிக்கொண்டுதான் நடந்தார்.

ஈத்தின் வண்டியில் இரண்டு பேர் போகிறார்கள் என்பது ஊருக்கு மெதுவாகப் பழகிப்போனது. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. காற்றடிக்கிறவன் கேட்காமலே இரண்டு ஆள் பாரத்துக்கு அடித்தான். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்து ஏட்டு ஒருநாள் வண்டியை மறித்து, பின்னால் இருப்பவர் தலைக்கவசம் போடவில்லை என்று சீட்டு எழுதினார். பெயர் என்ற இடத்தில் ஷிஹாத்தா என்று ஈத் சொன்னான், ஏட்டு எழுதிக்கொண்டார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூட ஈத்திடம் காட்டிச் சரிபார்த்தார். கடமை தவறாதவர்.

உம் ஷிஹாத்தா மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி முகம் அவருக்கு இல்லை. மனு முடித்துவைக்கப்பட்டதற்கு அடுத்த வருடம், மார்ச் மாதம், மணல் காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலையில், ஈத் வண்டியை உதைத்தபோது மேலேயிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. துணியில் கட்டிய ரொட்டியும் ஃபூல் என்கிற அவித்த மொச்சையும் இரண்டு பொட்டலமாக உள்ளே இருந்தன. எதிரே ரொட்டிக் கடையில் ஃபிக்ரியா வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பதினொரு பேர், எல்லோரும் மேலே பார்த்தார்கள். உம் ஷிஹாத்தா கம்பியைப் பிடித்துக் குனிந்தார். ஏழு வருடமாக அந்தப் பக்கம் பேசாத குரல் முதலில் கரகரத்து, பிறகு சரியானது.

"ஷிஹாத்தா," என்றார், பின்னிருக்கையைப் பார்த்து. "உன் தம்பிகிட்டச் சொல்லு. கால்வாய் ரோட்டுல மெதுவாப் போகச் சொல்லு. சாயங்காலம் ரெண்டு பேரும் நேரத்தோட வந்து சேருங்க."

ஈத் தலையை நிமிர்த்தவில்லை. கைப்பிடியில் கை வைத்தபடி, பின்னாலிருந்து தகவல் வந்து சேரும்வரை சற்று நேரம் காத்திருந்தான். வந்து சேர்ந்ததும், "சரிம்மா," என்றான். வரிசையில் நின்றவர்கள் இருவருக்கும் வழி விட்டார்கள்.